மார்பகக் குறைப்புச் சத்திரசிகிச்சை: அறிய வேண்டியவை

தோள், கழுத்து, முதுகு வலி. பிரா பட்டி அழுத்திய தடம். மார்பின் கீழ் வியர்வைப் புண். பாரமான மார்பகத்தால் வரும் இவற்றை, வெட்கத்தால் வருடக்கணக்காக மறைத்து வரும் பெண்களை நாங்கள் காண்கிறோம். இது அழகு பற்றிய ஆசையல்ல, வைத்தியரிடம் சொல்ல வேண்டிய உபாதை.

சத்திரசிகிச்சை முழு மயக்கத்தில் 2 முதல் 4 மணித்தியாலம் வரை நடைபெறும். பலர் அன்றோ மறுநாளோ வீடு திரும்புவர். 4 முதல் 6 கிழமைகள் வரை பாரம் தூக்கலாகாது. அரிசி மூட்டையும் கைக்குழந்தையும் பாரம்தான். வீட்டு வேலையை மற்றவர்கள் பொறுப்பேற்க வேண்டும்.

தழும்பு நிரந்தரமானது. காலப்போக்கில் மங்கினாலும், நம்மைப் போன்ற கருநிறத் தோலில் தடித்து எழும்பும் வாய்ப்பு அதிகம். முலைக்காம்பில் உணர்வு குறையலாம். பின்னர் தாய்ப்பால் போதாமற் போகலாம். பிள்ளை பெற எண்ணுவோர் இதை முன்கூட்டியே பேசுங்கள். புகைத்தல் காயம் ஆறுவதைக் கெடுக்கும்; முன்பே நிறுத்துங்கள்.

பிரித்தானியாவில் இதற்கான என்.எச்.எஸ். நிபந்தனைகள் இடத்துக்கு இடம் வேறுபடும். எனவே வலி, புண், எடுத்த மருந்துகளைத் திகதியுடன் குறித்து வாருங்கள். ஆங்கிலம் சிரமமெனில் மகளை அழைத்துவர வேண்டாம். மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், கட்டணமில்லை. தாய் சொல்லத் தயங்குவது பெரும்பாலும் பிள்ளையின் முன்னால்தான்.