மலைக்குச் சரக்கு வண்டி வாங்குவோர் கவனத்திற்கு



கொல்லிமலையில் கடை வைத்திருக்கும் நண்பர்கள் நமது மண்டிக்கு வரும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "ஏனுங்க முதலாளி, ஒரு டிரெய்லர் வாங்கிப் போட்டுட்டா லாரி வாடகை மிச்சமாகுமுங்களே, எது வாங்கலாமுங்க?" என்பார்கள். நியாயமான கேள்விதான். அரிசி, சர்க்கரை, எண்ணெய், உப்பு எல்லாம் கீழிருந்து மேலே போக வேண்டும். மிளகு, காப்பிக்கொட்டை, வாழைத்தார், பலாப்பழம், மரவள்ளிக் கிழங்கு எல்லாம் மேலிருந்து கீழே வர வேண்டும். மூட்டைக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்தால், சிறு வியாபாரிக்குக் கிடைக்கும் லாபத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விடுகிறது.

ஆனால் இந்தக் கேள்விக்கு நாங்கள் ஒரு காலத்தில் தவறான பதில் சொன்னோம். அதைச் சொல்லிவிட்டு மேலே போவதுதான் முறை.

சில வருடங்களுக்கு முன் மலையைச் சேர்ந்த ஒரு வாடிக்கையாளர் பழைய டிரெய்லர் ஒன்றை மலிவாக வாங்கினார். எங்களிடம் காட்டினார். பலகை கெட்டியாக இருக்கிறதா, டயர் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "நல்ல சாமான் தம்பி" என்று சொன்னோம். பிரேக் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை. இரண்டு மாதம் கழித்து மரவள்ளிக் கிழங்கு லோடு வந்தது. "வருவதுதான் வருகிறாய், இன்னும் பத்து மூட்டை சேர்த்துப் போட்டுக்கொண்டு வா" என்று போனில் சொன்னவர்களும் நாங்கள்தான். இறக்கத்தில் ஒரு வளைவில் டிரெய்லர் டிராக்டரைத் தள்ள ஆரம்பித்தது. டிரைவர் புத்திசாலி. பள்ளத்தின் பக்கம் விடாமல் மலைச்சரிவின் பக்கம் ஒடித்து மோதி நிறுத்தினார். கால் எலும்பு முறிந்தது, உயிர் தப்பியது. அந்தப் பத்து மூட்டையில் எங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய லாபம் அவருடைய ஒரு நாள் ஆஸ்பத்திரிச் செலவுக்குக்கூடப் போதாது.

அன்று கற்ற பாடம் இதுதான்: மலைக்கு வண்டி வாங்குகிறவர் எவ்வளவு இழுக்கும் என்று கேட்பதற்கு முன், எப்படி நிற்கும் என்று கேட்க வேண்டும்.

70 வளைவும் நம் சரக்கும்

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி, அடிவாரமான காரவள்ளியில் ஆரம்பிக்கும் மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. மலையின் உயரம் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் வரை. ஏறும்போது என்ஜின் திணறினால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். இறங்கும்போது பிரேக் தோற்றால் நிற்காது. அதிலும் நம் பக்கத்து மலைச்சரக்கில் ஒரு விசேஷம் உண்டு. மேலே போகும் மளிகை அளவானது. கீழே வரும் கிழங்கும் பழமும்தான் கனமான லோடு. ஆக, இறக்கத்தில்தான் பாரம் அதிகம்.

டிராக்டர் டிரெய்லரில் உள்ள சிக்கல்

நடுத்தரமான டிராக்டரின் எடை ஏறக்குறைய இரண்டு டன். பின்னால் டிரெய்லரும் சரக்கும் சேர்ந்து நான்கு டன் என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லருக்குப் பிரேக் இல்லையென்றால், இரண்டு டன் டிராக்டர் மொத்தம் ஆறு டன்னைப் பிடித்து நிறுத்த வேண்டும். பொதுவாக டிராக்டரில் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான் பிரேக். அதுவும் வயலில் திருப்புவதற்காக இடது, வலது என்று இரண்டு பெடல் தனித்தனியாக இருக்கும். ரோட்டில் ஓட்டும்போது இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிட வேண்டும். மறந்துபோய் ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கமாகச் சுழன்றுவிடும். இதைத் தெரியாத டிரைவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வெளிநாடுகளில் பனியில் ஓடும் சிறு வண்டிகளைக்கூட காருக்குப் பின்னால் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். வேடிக்கைக்கான சரக்குதான், ஆனாலும் சட்டம் கறாரானது. ஐரோப்பாவில் மொத்த எடை 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். நாமோ அதைப்போல் நான்கைந்து மடங்கு பாரத்தைப் பிரேக் இல்லாமல் மலையிலிருந்து இறக்குகிறோம்.

டிரெய்லர் வாங்கினால் பார்க்க வேண்டியவை

1. பிரேக்: டிராக்டர் டிரைவர் மிதித்தால் டிரெய்லர் சக்கரமும் பிடிக்கும்படி இருக்க வேண்டும். பட்டறையில் காட்டினால் போதாது. லோடு ஏற்றி, சிறிய இறக்கத்தில் நிறுத்திப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

2. சக்கரம்: இரண்டு சக்கர டிரெய்லர் தன் பாரத்தில் ஒரு பங்கை டிராக்டரின் கொக்கியில் வைக்கும். அதனால் டிராக்டரின் பின்சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்கும். பின்னோக்கி எடுப்பதும் சுலபம். நான்கு சக்கர டிரெய்லர் அதிகச் சரக்கு கொள்ளும், ஆனால் கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்துவிட்டால் பின்னால் எடுப்பது பெரும்பாடு. மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் வழிவிட வேண்டும் என்பது சாலை விதி.

3. லோடு வைக்கும் முறை: பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். பின்பக்கம் அதிகமானால் கொக்கி மேலே தூக்கும், டிரெய்லர் வாலை ஆட்டும். அளவுக்கு மீறி முன்பக்கம் ஏற்றினால் ஏற்றத்தில் டிராக்டரின் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். கனமான மூட்டை அடியில், வாழைத்தார் மேலே. பலாப்பழம் உருளும், கட்டாமல் விடக்கூடாது.

4. கொக்கியும் சங்கிலியும்: கொக்கியில் போடும் பின்னுக்குப் பூட்டு வேண்டும். கொக்கி விட்டுப்போனாலும் பிடித்துக்கொள்ள ஒரு சங்கிலி தனியாக வேண்டும். நிறுத்தியதும் சக்கரத்துக்கு வைக்க இரண்டு கட்டை எப்போதும் வண்டியிலேயே இருக்க வேண்டும்.

5. காகிதம்: மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லருக்கும் பதிவு உண்டு. இன்சூரன்ஸிலும் டிரெய்லர் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விவசாயத்துக்கென்று பதிவு செய்த டிரெய்லரில் கடைச் சரக்கு ஏற்றி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம்.

எங்கள் யோசனை

டிரெய்லரே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. செம்மேட்டிலிருந்தும் சோளக்காட்டிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களுக்கு மலைமேலேயே சரக்கு கொண்டுபோகவும், தோட்டத்திலிருந்து கிழங்கு எடுத்து வரவும் அது நல்ல சாதனம். ஆனால் 70 வளைவையும் இறங்கி வரும் வேலைக்கு நான்கு சக்கரத்திலும் பிரேக் உள்ள ஒற்றை வண்டியே மேல். 2005-இல் வந்த டாடா ஏஸ், நம் மக்கள் சொல்லும் குட்டியானை, சுமார் முக்கால் டன் ஏற்றும். 50 கிலோ மூட்டை என்றால் 15 மூட்டை. சிறிய மளிகைக் கடையின் ஒரு வாரச் சரக்குக்கு இது போதும். அதற்கு மேல் தேவைப்படுவோர் பிக்கப் வண்டி பார்க்கலாம். தனியாக வாங்க முடியாதவர்கள் இரண்டு மூன்று கடைக்காரர்கள் கூடி, முறை வைத்து ஒரு வண்டியை வாடகைக்குப் பேசலாம். கீழிருந்து மளிகை, மேலிருந்து மிளகும் பழமும் என்று இரு வழியும் லோடு கிடைத்தால் வாடகை கட்டுப்படியாகும்.

எந்த வண்டியானாலும் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கக்கூடாது. தொடர்ந்து பிரேக்கை மிதித்தபடி வந்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். பாதி வழியில் நிறுத்தி ஆறவிடுவதை நேர நஷ்டமாக நினைக்கக்கூடாது. மூட்டை மேல் ஆள் ஏற்றவே கூடாது.

கடைசியாக ஒரு வார்த்தை, மொத்த வியாபாரிகளாகிய நமக்கு. 2019-இல் திருத்திய சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் ரூ.20,000, கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ.2,000. அதைக் கட்டுகிறவர் வண்டிக்காரர். உயிரைப் பணயம் வைப்பவர் டிரைவர். "இன்னும் பத்து மூட்டை" என்று சொல்பவர்களோ நாம். இப்போது எங்கள் மண்டியில் மலை வண்டி எதுவானாலும் அதன் அளவுக்கு மேல் ஒரு மூட்டையும் ஏற்றுவதில்லை, அப்படி ஏற்றி வரச் சொல்வதுமில்லை. மிஞ்சிய மூட்டை அடுத்த நடையில் வரும்.

மற்ற மண்டிக்காரர்களும் இதே வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டுமென்று அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.