மாற்றல் இல்லாத காவல்காரர்
கல்லாறு காட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறு வந்தால் கிழக்கேகோட்டை வட்டாரத்துத் தமிழர்களுக்கு சங்குமுகம் கடற்கரை, மிருகக்காட்சிசாலை, இரண்டையும் விட்டால் வேறு போக்கிடம் தெரியாது. நெடுமங்காடு சென்று, விதுரா வழியாகப் பொன்முடி போகும் பஸ்சைப் பிடித்தால் கல்லாறு வந்துவிடும். மொத்தம் சுமார் 45 கிலோ மீட்டர். அங்கிருந்து காட்டுப் பாதையில் நடந்தால் மீன்முட்டி அருவி. சென்ற மாதம் குடும்பத்துடன் போய் வந்தேன்.

நுழைவுச் சீட்டு தருவது வன சம்ரக்ஷண சமிதி. வனத்துறையும் காட்டோரத்து மக்களும் சேர்ந்து நடத்தும் அமைப்பு. காட்டைக் காக்கும் பொறுப்பை அங்கு வாழ்கிறவர்களுக்கே கொடுத்து, பலனிலும் பங்கு தரும் இந்த முறைக்கு 1970-களில் மேற்கு வங்கத்து அரபாரி வழிகாட்டியது. கேரளத்தில் 1998-ல் தொடங்கினார்கள். நாம் கொடுக்கும் கட்டணத்தில்தான் வழிகாட்டிகளின் பிழைப்பும் நடக்கிறது.

எங்களுடன் வந்தவர் ஐம்பது வயதுக் காணிக்காரர். பேச்சில் பாதி தமிழ், பாதி மலையாளம். வழியில் கண்ணாடி போல் ஒரு கயம். பையன் சட்டையைக் கழற்றிவிட்டான்.

"வேண்டாம் சாரே. இங்கே வெயில், மேலே மழை" என்று தடுத்தார்.

"முழங்கால் தண்ணீர்தானே அண்ணாச்சி, காசு கொடுத்துத்தானே வந்திருக்கிறோம்" என்று நான் முணுமுணுத்தேன். அவர் அசையவில்லை.

அருவியைப் பார்த்துத் திரும்பும்போது, பையன் சட்டையை வைத்த பாறையைக் காணோம். செம்மண் நிறத்தில் வெள்ளம் இரைந்து ஓடியது. பஸ் ஏறும் வரை என் மனைவி பையனின் கையை விடவில்லை. இப்படி இறங்கி உயிர் விட்டவர்கள் கல்லாற்றில் பலர்.

காணிக்காரர்களின் அறிவு விஞ்ஞானிகளுக்கும் உதவியிருக்கிறது. 1987-ல் அகத்தியமலைக் காட்டில் தங்களுடன் வந்த காணிகள் ஒரு செடியின் காயைத் தின்று களைப்பின்றி நடப்பதை அவர்கள் கண்டார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோடு தாவரவியல் நிலையம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, கிடைத்த உரிமத் தொகையில் பாதியைக் காணிகளுக்குத் தர ஏற்பாடு செய்தது.

நம்மைப் போன்ற ரயில்வே சிப்பந்திகள் மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்டிவிடுவோம். அந்த அண்ணாச்சிக்கு மாற்றல் கிடையாது. காடு போனால் அவர் ஊரே போயிற்று. அதனால்தான் அந்தக் கண்டிப்பு.

போகிறவர்கள் கவனத்துக்கு: மழைக்காலத்தில் பாதையை மூடுவதுண்டு, விசாரித்துச் செல்லவும். சோற்றுப் பொட்டலம் கொண்டு போனால், காகிதத்தையும் பையையும் திரும்பக் கொண்டு வரவும். வழிகாட்டி வேண்டாம் என்றால், தண்ணீரில் கால் வைக்காதீர்கள்.