யாரும் கலைக்காத காடு

பெட்டியில் மரமும் வெயிலும் வரைந்திருப்பதைப் பார்த்து, மனசுக்கு இதமான ஆட்டமாக இருக்கும் என்று நம்பி வாங்கியவர்களைத் திடுக்கிட வைக்கும் ஆட்டம் ‘ஃபோட்டோசிந்தசிஸ்’. இத்தாலியர் ஹ்யால்மார் ஹாக் வடிவமைத்து 2017-ல் வந்தது. பலகையைச் சுற்றிச் சூரியன் நகரும். வெயில் படுகிற மரங்கள் புள்ளி சேர்க்கும். சின்ன மரத்தின் நிழல் ஒரு கட்டம் நீளும், நடுத்தர மரத்துக்கு இரண்டு கட்டம், பெரிய மரத்துக்கு மூன்று. அந்த நிழலுக்குள் நிற்கும், அதே உயரமோ அதைவிடக் குட்டையோ ஆன மரம் அந்தச் சுற்றில் பட்டினி. ஆகவே, விவரம் தெரிந்தவர்கள் தங்கள் மரம் வளர வேண்டிய இடத்தைப் பார்ப்பதோடு நிற்பதில்லை, அடுத்தவர் மரம் எங்கே வாடும் என்றும் கணக்குப் போட்டு நடுகிறார்கள். பார்வைக்குப் பச்சைப்பசேல் என்றிருக்கும் பலகையில் ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள்.

2018-ல் வந்த ‘ரூட்’ இன்னும் ஒரு படி மேலே. பூனை, பறவை, எலி, முயல் என்று குழந்தைகள் புத்தகத்தில் வருகிற மாதிரிப் படங்கள். உள்ளே நடப்பது காட்டைப் பிடிக்கும் போர்.

இயற்கையைக் கருப்பொருளாகக் கொண்ட டிஜிட்டல் போர்டு கேம்களையும் புதிர் ஆட்டங்களையும் பற்றி இந்த வாரம் எழுத உட்கார்ந்தபோது, ஆடுகிறவர்கள் சொல்வதிலிருந்தே தொடங்கலாம் என்று தோன்றியது. “இந்த ஆட்டம் ரிலாக்ஸாக இருக்கு” என்று ஒருவர் சொல்லும்போது எதைச் சொல்கிறார்? அவர்கள் பேச்சைத் தொடர்ந்து கேட்டால் மரமும் பறவையும் இரண்டாவதாகத்தான் வருகின்றன. முதலில் வருவது வேறு: நான் தப்பு செய்தால் இந்த ஆட்டம் என்னை என்ன செய்யும்? நான் கட்டியதை இன்னொருவர் வந்து கலைக்க முடியுமா?

முதல் கேள்விக்கு மிக அழகாகப் பதில் சொல்லும் ஆட்டம் ‘டோர்ஃப்ரொமான்டிக்’. பெர்லினில் கேம் வடிவமைப்புப் படித்துக்கொண்டிருந்த நான்கு மாணவர்கள் ‘டௌகானா’ என்ற பெயரில் சேர்ந்து உருவாக்கியது. 2021 மார்ச்சில் முன்னோட்ட வடிவம், 2022 ஏப்ரலில் முழு வடிவம். கையில் ஒரு அடுக்கு அறுகோண டைல்கள். ஒவ்வொன்றின் ஆறு பக்கங்களிலும் காடு, வயல், புல்வெளி, வீடுகள், ஆறு, தண்டவாளம் இவற்றில் ஏதாவது இருக்கும். ஒன்றை எடுத்து, சுழற்றி, ஏற்கெனவே இருக்கும் நிலப்பரப்பின் ஓரத்தில் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான்.

என் அக்கா மகள் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். இரவு வேலை முடிந்ததும் லேப்டாப்பை மூடாமல் இதைத் திறந்துவிடுவாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வந்த டைலில் எதிரெதிரே இரண்டு பக்கம் தண்டவாளம், மற்ற நான்கிலும் கோதுமை வயல். தண்டவாளம் பொருந்தும் இடம் ஒன்று இருந்தது. ஆனால் அங்கே வைத்தால் வயலின் ஒரு பக்கம் காட்டில் போய் முட்டும். நான் “வேற இடம் பாரேன்” என்றேன்.

“பரவால்ல சித்தி. வயல் ஓரத்துல காடு இருந்தா என்ன? ஊருன்னா அப்படித்தானே இருக்கும்” என்று வைத்துவிட்டாள்.

ஆட்டமும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. ஆறும் தண்டவாளமும் மட்டும் கண்டிப்பு. அவை வேறு எதோடும் முட்டக் கூடாது. மற்றபடி பொருந்தாத பக்கத்துக்கு அபராதம் கிடையாது, சிவப்பு விளக்கு கிடையாது, கடிகாரம் கிடையாது. ஆறு பக்கமும் கச்சிதமாகப் பொருந்தினால் கூடுதல் டைல் கிடைக்கும், பொருந்தாவிட்டால் அது கிடைக்காது. தண்டனை இல்லை, பரிசு மட்டும் இல்லாமல் போகிறது. நாளெல்லாம் தன் வேலையில் பிழை தேடிக்கொண்டிருப்பவளுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று அவள் தோள்கள் தளர்ந்ததைப் பார்த்தபோது புரிந்தது.

ஆனால் இதே ஆட்டத்தைப் பற்றி நேரெதிரான குறையும் கேட்கிறது. சில டைல்களின் மேல் ஓர் எண் மிதக்கும். இத்தனை மரங்களைச் சேர், இத்தனை வீடுகளை இணை என்று ஒரு வேண்டுகோள். நிறைவேற்றினால் டைல் அடுக்கு உயரும். அடுக்கு தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. முதல் அரை மணி நேரம் ஊரைப் பார்த்து ரசித்தவர்கள், அடுக்கு மெலியத் தொடங்கியதும் எண்களை மட்டும் பார்க்கத் தொடங்குகிறார்கள். “கிராமம் கட்ட வந்தேன், கணக்குப் பிள்ளையாகிவிட்டேன்” என்கிற ரீதியில் அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. அதே எண்களைத் துரத்தி, ஒரே ஊரை மணிக்கணக்கில் வளர்த்துச் சாதனை ஸ்கோர் எட்டுவதுதான் இளைப்பாறல் என்பவர்களும் உண்டு. வடிவமைத்தவர்கள் இருவரையும் கைவிடவில்லை. ஸ்கோரும் வேண்டுகோளும் இல்லாமல், டைல் தீராமல், விருப்பம்போல் கட்டிக்கொண்டே போக ஒரு தனி முறை வைத்தார்கள். முழு வடிவத்தில் நான் மிகவும் மதிக்கிற முடிவு அதுதான்.

வழக்கமாக அட்டையில் வெற்றி பெற்ற ஆட்டம்தான் திரைக்கு வரும். இது திரையிலிருந்து மேசைக்குப் போனது. மிக்கேல் பாம், லூகாஸ் ஸாக் இருவரும் இதை அட்டை ஆட்டமாக்கினார்கள். அதில் போட்டி கிடையாது, ஒருவர் முதல் ஆறு பேர் வரை சேர்ந்து ஒரே ஊரைக் கட்ட வேண்டும். ஜெர்மனியின் ‘ஷ்பீல் டெஸ் யாரெஸ்’, அதாவது ஆண்டின் சிறந்த ஆட்டத்துக்கான விருது, 2023-ல் அதற்குக் கிடைத்தது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதற்கு ‘விங்ஸ்பேன்’தான் சரியான இடம்.

அமெரிக்காவின் மேரிலாந்தில் வசிக்கும் எலிசபெத் ஹார்கிரேவ் சுகாதாரக் கொள்கை ஆய்வு வேலையில் இருந்தவர். பறவை பார்ப்பதில் ஈடுபாடு உள்ளவர். கோட்டைகளையும் விண்கலங்களையும் பற்றியே ஆட்டங்கள் வந்துகொண்டிருந்ததில் அவருக்கு ஒட்டுதல் இல்லை. தனக்குப் பிடித்ததைப் பற்றி ஓர் ஆட்டம் செய்ய நினைத்து, வட அமெரிக்கப் பறவைகளின் இரை, கூடு, சிறகு விரிப்பின் நீளம் என்று எல்லாவற்றையும் அட்டவணை அட்டவணையாகத் தொகுத்தார். 2019-ல் 170 பறவை அட்டைகளோடு ஆட்டம் வெளிவந்து, அந்த ஆண்டே தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கான ‘கென்னர்ஷ்பீல்’ விருதைப் பெற்றது. போலந்தின் ‘மான்ஸ்டர் கௌச்’ 2020-ல் அதைத் திரைக்குக் கொண்டுவந்தது.

ஒவ்வொருவருக்கும் காடு, புல்வெளி, நீர்நிலை என்று மூன்று வரிசை. காட்டில் இரை கிடைக்கும், புல்வெளியில் முட்டை, நீர்நிலையில் புதிய அட்டைகள். பறவைகளை வரிசையில் சேர்க்கச் சேர்க்க ஒவ்வொரு முறையும் கிடைப்பது கூடும். பறவையின் குணம்தான் அட்டையின் சக்தி. விராலடிப்பான் மீனைப் பிடித்துத் தின்னும் பறவை, குளிர்காலத்தில் நம் நீர்நிலைகளுக்கும் வரும். ஆட்டத்தில் அது இயங்கினால் ஆடுகிற எல்லோருக்கும் ஆளுக்கொரு மீன். வேட்டைப் பறவை ஒன்று அட்டைக் கட்டிலிருந்து ஒரு பறவையைத் திருப்பிப் பார்க்கும். அதன் சிறகு விரிப்பு குறிப்பிட்ட அளவுக்குக் குறைவாக இருந்தால் இரை சிக்கியது, இல்லாவிட்டால் தப்பியது. அப்படி அடுத்தவரின் வேட்டைப் பறவைக்கு இரை சிக்கும்போது, என்னிடம் வான்கோழிப் பிணந்தின்னிக் கழுகு இருந்தால் எனக்கும் ஒரு பங்கு வந்து சேரும். பழுப்புத் தலை கவ்பேர்டு நம் குயிலைப் போல அடுத்த பறவையின் கூட்டில் முட்டையிடுவது. மற்றொருவர் முட்டையிடும் காரியத்தைச் செய்யும்போது, இது என் பலகையில் கிண்ணக் கூடு உள்ள ஒரு பறவையிடம் ஒரு முட்டை வைத்துக்கொள்ளும்.

இந்த ஆட்டத்தின் அமைதி இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். என் காட்டிலிருந்து எதையும் யாரும் பிடுங்க முடியாது. அடுத்தவருக்கு நல்லது நடக்கும்போது பல சமயம் எனக்கும் ஏதோ கிடைக்கிறது. எதிராளியின் முறை வரும்போது “எதை இழக்கப் போகிறேன்” என்று பதறாமல், “எதைச் செய்யப் போகிறார்” என்று ஆர்வத்தோடு பார்க்க முடிகிறது.

சதுரங்கம் ஆடிப் பழகிய என் அலுவலக நண்பருக்கு இது சற்றும் பிடிக்கவில்லை. “மேடம், நான் நகர்த்தினா உங்களுக்கு ஒரு சேதமும் இல்லைன்னா, நாம ரெண்டு பேரும் எதுக்கு ஒரே ஆட்டத்துல இருக்கோம்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. கூட்டமாக உட்கார்ந்து தனித்தனியே ஆடுவதுபோல் இருக்கிறது என்ற இந்தக் குறை இவ்வகை ஆட்டங்கள் எல்லாவற்றின் மேலும் உண்டு.

நெடுநாள் ஆடியவர்களின் முறையீடுகள் வேறு மாதிரி. ரேவன் என்கிற பெரிய காகங்களில் இரண்டு அட்டைகள். ஒரு முட்டையைக் கொடுத்தால் விரும்பிய இரை இரண்டு தரும். தொடக்கத்திலேயே இது கையில் வந்தவருக்கு இரைப் பஞ்சமே கிடையாது. மேசையில் ஆடும் சிலர் இந்த அட்டைகளைக் கட்டிலிருந்து எடுத்துவிட்டே ஆடுகிறார்கள். அடுத்தது, முடிவு. நான்கு சுற்றுகளில் ஒருவருக்கு 8, 7, 6, 5 என்று மொத்தம் 26 முறைதான். வரிசைகள் நன்றாக ஓடத் தொடங்கும்போது ஆட்டம் முடிந்துவிடுகிறது. அதிலும் கடைசிச் சுற்றில் ஒரு முட்டைக்கு ஒரு புள்ளி என்பதால், அழகான பறவைகளை எல்லாம் விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப முட்டையிடுவதே லாபம் என்றாகிவிடுகிறது.

இந்தக் குறைக்கு மருந்தாக வந்தது ‘ஓஷியானியா’ என்ற கூடுதல் தொகுப்பு. முட்டை வருவதைக் குறைத்து, தேன் என்ற புதிய இரையைச் சேர்த்தது. தேனை எந்த இரைக்குப் பதிலாகவும் செலவிடலாம். ஆனால் சுற்று முடிந்தால் மீதி வீணாகிவிடும். ஒவ்வொரு வரிசையிலும் அதிகம் செலவிட்டவர்களுக்குப் புள்ளிகளும் உண்டு. ஆட்டம் இப்போதுதான் முழுமையானது என்கிறது ஒரு கட்சி. தேன் வந்தபின் எந்தப் பறவைக்கு எந்த இரை என்பதே பொருளற்றுப்போனது, புழுவும் எலியும் தேடி அலைந்த சுவை போயிற்று என்கிறது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. மீன்கொத்தியை வைக்க மீன் தேட வேண்டும், அந்தத் தேடல்தான் எனக்கு ஆட்டம்.

திரை வடிவத்தில் ஓசை ஒரு பெரிய வரவு. பறவையை வைத்ததும் அதன் குரல் கேட்கும். அதைப் பற்றிய ஒரு தகவலும் வாசிக்கப்படும். எந்த ஆட்டக்காரரிடம் கேட்டாலும் இதைத்தான் முதலில் புகழ்கிறார். கண் மங்கியவர்களின் குறை எழுத்தைப் பற்றியது. மேசையில் அட்டையைக் கையில் எடுத்துக் கண்ணருகே கொண்டுபோகலாம். மொபைலில் பதினைந்து பறவைகளின் சக்தியையும் ஒரே பார்வையில் படிக்க வழியில்லை. அடுத்தவர் பலகையைப் பார்க்கவும் தன் பலகையை விட்டுத் தனியே போய் வர வேண்டும். சேர்ந்து ஆடுகிற உணர்வு, ஏற்கெனவே மெல்லியது, இதில் இன்னும் மெலிகிறது.

‘கஸ்கேடியா’வைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் ஆட்டமே சுருக்கம்: ஆளுக்கு 20 முறை. அமெரிக்காவின் வடமேற்குக் கரையோர நிலத்தைப் பற்றியது. ராண்டி ஃப்ளின் வடிவமைத்தார், 2022-ன் ‘ஷ்பீல் டெஸ் யாரெஸ்’ விருது பெற்றது. ஒரு நிலத் துண்டும் ஒரு விலங்குக் காயும் ஜோடியாகத்தான் கிடைக்கும். நமக்கு வேண்டிய ஆற்றோடு வேண்டாத நரி வந்து நிற்கும். அந்த ஜோடியைப் பிரிக்க ஒரு பைன் கூம்பு வில்லையைச் செலவிட வேண்டும். கரடிக்கு ஜோடி, சால்மனுக்குத் தொடர் வரிசை, பருந்துக்குத் தனிமை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒழுங்கு. இறுதிப் புள்ளிகளைக் கூட்டும் சள்ளை பிடித்த வேலையை டிஜிட்டல் வடிவம் தானே செய்துவிடுவதைப் பலரும் நிம்மதியாகச் சொல்கிறார்கள். மரக்காயைப் பைக்குள் துழாவி எடுக்கும் சுகம் போனதே என்று அவர்களே வருந்தவும் செய்கிறார்கள்.

தென்னாப்பிரிக்காவின் ‘ஃப்ரீ லைவ்ஸ்’ உருவாக்கி 2023-ல் வெளிவந்த ‘டெரா நில்’ போர்டு கேம் இல்லை, ஆனால் இந்தப் பேச்சில் தவறாமல் வரும் பெயர். பாழ்பட்ட நிலத்தில் காற்றாலையும் நீரிறைப்பும் அமைத்து, புல்லும் காடும் விலங்குகளும் திரும்பி வந்தபின், நாம் கட்டியவை அத்தனையையும் நாமே கழற்றி எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். தொடக்கத்தில் காசு தீர்ந்து திணறுவது இதமான ஆட்டத்துக்கு ஆகாது என்று சிலர் குறைப்படுகிறார்கள். அந்தத் திணறல் இல்லாவிட்டால் முதல் புல் முளைக்கும்போது அவ்வளவு மகிழ்ச்சி இருக்காது என்பது என் கட்சி.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெட்டியின் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். அடுத்தவர் நம்முடையதை எடுக்க முடியுமா, கடிகாரம் உண்டா, ஸ்கோர் இல்லாமல் ஆட வழி இருக்கிறதா என்று விசாரியுங்கள். தனியாக ஆடப் போகிறவருக்கு டோர்ஃப்ரொமான்டிக், கணவன் மனைவியோ நண்பர்கள் இருவரோ ஆடுவதற்குக் கஸ்கேடியா, விதிகளைப் படிக்கப் பொறுமை உள்ளவருக்கு விங்ஸ்பேன் என்று நான் சொல்வேன். இவை எதிலும் விறுவிறுப்புப் போதவில்லை என்கிற என் சதுரங்க நண்பர் போன்றவர்களுக்காக, அடுத்த வாரம் ‘ரூட்’டின் பூனைப் படையை விரிவாகப் பார்ப்போம்.