சேவை செய்வோரும் படிக்க வேண்டிய பாடம்



வயது வந்த ஒரு மகளைத் தாய் தோட்டத்து மருந்துக்காம்பராவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். மகளுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. இப்போது வயிற்று வலி. "புள்ளைக்கு என்னாம்மா?" என்று கேள்வி தாயிடம்தான் வருகிறது. பதிலும் தாய்தான் சொல்கிறார். எங்கே வலி, எத்தனை நாளாக வலி என்று அந்த மகளிடம் யாரும் சைகையால்கூடக் கேட்பதில்லை. மருந்து கிடைத்துவிடுகிறது. அது சரியான இடத்து வலிக்குத்தானா என்பது அவளுக்கு மட்டுந்தான் தெரியும்.

இப்படி நடப்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். மருந்து கொடுத்தவர் கெட்டவர் அல்ல. "பாவம், அதுக்கு என்னா தெரியும்" என்ற இரக்கம் அவருக்கும் உண்டு, நமக்கும் உண்டு. ஆனால் இரக்கப்படப் பழகிய நாம், உரிமையை மதிக்கப் பழகவில்லை. அதைப் பழகுவதற்குப் பயிற்சி வேண்டும்.

சமவாயம் சொல்வது என்ன?

இயலாமையுடையோரின் உரிமைகள் பற்றிய சமவாயத்தை ஐக்கிய நாடுகள் சபை 2006 டிசம்பர் 13ஆம் திகதி ஏற்றுக்கொண்டது. இலங்கை 2007இல் அதில் கையொப்பமிட்டு, 2016 பெப்ரவரியில் அதை உறுதிப்படுத்தியது. இயலாமையுடையோருடன் வேலை செய்யும் உத்தியோகத்தருக்கும் ஊழியருக்கும் இந்த உரிமைகள் பற்றிய பயிற்சி கிடைக்க அரசாங்கம் வழிசெய்ய வேண்டும் என்று அதன் 4ஆம் உறுப்புரை சொல்கிறது. பொலிஸ், சிறைச்சாலை, நீதித்துறை ஆகியவற்றில் வேலை செய்பவர்களுக்கான பயிற்சியை 13ஆம் உறுப்புரையும், ஆசிரியர்களுக்கானதை 24ஆம் உறுப்புரையும், வைத்திய சேவையில் உள்ளவர்களுக்கானதை 25ஆம் உறுப்புரையும் சொல்கின்றன.

நம் நாட்டிலேயே 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. இயலாமை என்ற காரணத்தைக் காட்டி, ஒருவருக்கு வேலையிலோ பாடசாலை அனுமதியிலோ பாகுபாடு காட்டக்கூடாது என்பது அந்தச் சட்டம்.

இது ஏதோ நாலு பேருடைய சங்கதி அல்ல. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, 5 வயதும் அதற்கு மேற்பட்டவர்களிலும் 100 பேருக்கு ஏறக்குறைய 9 பேருக்குப் பார்ப்பதிலோ, கேட்பதிலோ, நடப்பதிலோ, வேறு வகையிலோ சிரமம் உண்டு. மலையில் விழுந்து கால் ஊனமானவரும், வயதாகிக் கண் மங்கிய பாட்டியும் இதில் சேர்த்திதான்.

பயிற்சியில் என்ன படிப்பது?

1. நேரே அவரிடம் பேசுவது. கூட வந்தவர் உதவலாம். அவருக்குப் பதிலாக முடிவெடுக்கக்கூடாது.

2. விளக்கிச் சொல்லிச் சம்மதம் கேட்பது. எதற்கென்று புரியவைக்காமல் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வாங்கக்கூடாது. மற்ற நோயாளிக்குக் கொடுக்கும் அதே தரமான சிகிச்சையை இவருக்கும் கொடுக்க வேண்டும்.

3. புரியும் வழியில் சொல்வது. ஒருவருக்குச் சைகை, ஒருவருக்குப் படம், ஒருவருக்கு மெதுவான பேச்சு. தமிழ் மட்டும் தெரிந்தவருக்குத் தமிழில்.

4. தடையை நீக்குவது. படியேற முடியாதவரை "ஏன் வரல்ல?" என்று கேட்காமல், சாய்வுப் பாதை அமைப்பது, அல்லது லயத்துக்கே போய்ப் பார்ப்பது.

இதையெல்லாம் கற்றுக்கொடுக்கத் தகுந்தவர் யார்? இயலாமையுடன் வாழ்பவர்தான். சக்கர நாற்காலியில் இருப்பவர் அரை மணிநேரம் பேசினால், புத்தகத்தில் படிக்காதது மனதில் பதியும்.

நாம் என்ன செய்யலாம்?

முதலில் நம் வீட்டில் தொடங்குவோம். விருந்தாளி வந்தால் பிள்ளையை உள்காம்பராவுக்குள் அனுப்பாமல் இருப்போம். மருந்துக்காம்பராவில், "டாக்டர் ஐயா, எங்க மககிட்டயே கேளுங்க, நான் சைகையில சொல்றேன்" என்று மரியாதையாகச் சொல்வோம். பிள்ளை மடுவமோ பாடசாலையோ பிள்ளையைச் சேர்க்க மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்போம். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் போய்ப் பார்ப்போம். அரச அலுவலகத்திலோ, அரச வைத்தியசாலையிலோ, பாடசாலையிலோ, பொலிஸிலோ உரிமை மறுக்கப்பட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். அதன் அவசரத் தொலைபேசி இலக்கம் 1996.

தோட்டத்தில் கூட்டம் நடக்கும்போது இன்னொன்றும் கேட்போம்: "நம்ம டாக்டர் ஐயாவுக்கும், பிள்ளை மடுவத்து அம்மாவுக்கும், வெல்பெயார் ஐயாவுக்கும் இந்தப் பயிற்சி எப்போ?" அப்படிக் கேட்பது யாரையும் குறை சொல்வது ஆகாது. நல்ல மனதோடு வேலை செய்பவருக்கு அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்ய அது வழிகாட்டும்.

பயிற்சி பெற்றவர் முன்னால் அந்த மகள் மறுபடி போய் நிற்கும்போது, கேள்வி அவளைப் பார்த்து வரும். வலிக்கிற இடத்தை அவளே தொட்டுக் காட்டுவாள்.