வழிப்படுத்தியும் வன்பொருள் முகவரியும்

தூரத்துக் கணினிகளுக்கு அனுப்பும் பொதிகள் யாவும் 00-00-5ஈ-00-01 எனத் தொடங்கும் ஒரே வன்பொருள் முகவரியை நோக்கிச் செல்வதையும், மறுமொழிகள் வேறொரு முகவரியிலிருந்து வருவதையும் கண்டு, கள்வன் புகுந்தான் என அஞ்சுவாருமுளர். அம்முகவரியைத் தடுத்துவிட்டாலோ வெளித்தொடர்பே அற்றுப்போம்.

வன்பொருள் முகவரி தன் வலையமைப்பின் எல்லைக்குள்ளேயே செல்லும்; வழிப்படுத்திதோறும் அது மாற்றப்படும். ஆதலின் நாம் காண்பது சேய்மைக் கணினியினதன்று, நம் வாயிலினதே. மேற்கூறியதோ தனியோர் இயந்திரத்துக்கும் உரியதன்று. ஒன்று பழுதுற்றால் மற்றொன்று பணியேற்குமாறு நிறுத்திய வழிப்படுத்திகளுக்கு, 1998இல் வெளியான வி.ஆர்.ஆர்.பி. விதி வகுத்த பொது முகவரி அது. இறுதி ஈரிலக்கமும் அக்கூட்டத்தின் எண். பதினறும முறையில் எழுதப்படுவது. பணியிலுள்ள வழிப்படுத்தி, பொதிகளைத் தன் சொந்த முகவரியாலேயே உள்ளனுப்புதல் பெருவழக்கு. மறுமொழி வேறுபடுதல் இதனாலேயே. வழிப்படுத்தியின் அமைப்பில் அவ்வெண் உளதா என நோக்குக. இல்லையாயின், அப்பொழுது ஐயுறலாம்.