மலை மொட்டையானால் நமக்கென்ன?



எருமப்பட்டியில் நின்றால் கொல்லிமலை கண்ணெதிரே தெரிகிறது. அமேசான் காடு எரிகிறது என்று தொலைக்காட்சியில் பார்த்து வருந்துகிற நாம், இந்த மலையை நிமிர்ந்து பார்ப்பது மழை வருமா என்று அறியத்தான்.

காடு உள்ள சரிவில் விழும் மழை, இலையிலும் சருகிலும் தங்கி, வேர்வழியே மெல்ல மண்ணுக்குள் இறங்குகிறது. மழை விட்டு வாரங்கள் கழிந்தும் ஓடையாகக் கசிகிறது. மரம் போன சரிவிலோ, அதே மழை மண்ணையும் இழுத்துக்கொண்டு ஒரே நாளில் ஓடிவிடுகிறது. அடிவாரத்து ஏரியில் வண்டல் சேர்கிறது; கிணறு வறள்கிறது.

மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினர் முன்பு சாமை, தினை, கேழ்வரகு விதைத்தார்கள். கீழே சேலம், நாமக்கல் சேகோ ஆலைகளுக்கு மரவள்ளி தேவைப்பட்டது. கையில் காசு கிடைத்ததால் தானிய நிலம் கிழங்கு நிலமானது. காட்டோரச் சரிவுகளிலும் கிழங்கு ஏறியது. கிழங்கைப் பிடுங்கும்போதெல்லாம் சரிவு மண் இளகுகிறது. தம் வயலில் விளைந்ததை உண்டவர்கள் இன்று அரிசிக்குக் கடையை நம்புகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை. பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் வேண்டாமா? மேலும், ஜவ்வரிசிப் பாயசம் குடிப்பது நாம்தானே!

சாமையைக் கைவிட இன்னொரு காரணமும் உண்டு. அதை உரலில் குத்தி உமி நீக்குவது பெண்களுக்குப் பெரும்பாடு. 1990களில் அங்கே பணிதொடங்கிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், உமி நீக்கும் இயந்திரங்களை மலைக்குக் கொண்டுவந்தது. மகளிர் குழுக்கள் சாமையை அரைத்து விற்கத் தொடங்கின.