கன்று நடுமுன் கடுதாசி எழுதுங்கள்

கேமரன் மலையில் மழை சற்றே ஓய்ந்ததும், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளை லோரியில் ஏற்றிச் சென்று, கண்ணில் பட்ட சரிவிலே கன்றுகளை நட்டுவிட்டுப் புகைப்படத்தோடு திரும்பும் வைபவத்திற்குக் 'காடு வளர்ப்பு' என்று பெயரிட்டு நடத்துகிறவர்களிடம், அந்த நிலம் யாருடையது, பிள்ளைக்கு விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்று வினவினால், "ஐயாவிடம் வாயால் சொல்லியாயிற்று" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. வாய்மொழி அனுமதி அனுமதியே அன்று.

நோக்கத்தில் குற்றமில்லை. 2,000 மீட்டருக்கு மேலுள்ள பிரிஞ்சாங் சிகரத்துப் பாசிக்காடு மேகத்தின் ஈரத்தைக் குடித்தே ஜீவிப்பது. உஷ்ணம் ஏற ஏற மேகம் உயரே விலகும். கீழே சரிவுகளைக் காய்கறிப் பண்ணைகளுக்காக வழித்ததன் பலனை 2013 அக்டோபரிலும் 2014 நவம்பரிலும் பெர்த்தாம் பள்ளத்தாக்கு சேற்று வெள்ளமாய் அனுபவித்தது. 2001இல் தோன்றிய 'ரீச்' என்னும் உள்ளூர்ச் சங்கம் தொண்டர்களைக் கொண்டு இம்மலையில் மறுநடவு செய்திருக்கிறது. ஆகவே காரியம் அசாத்தியமுமன்று.

இனி, எழுத வேண்டிய கடிதங்கள். நடும் இடம் நிரந்தர ஒதுக்குக் காடாயின், பகாங் மாநில வன இலாகாவின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். இடத்தின் வரைபடம், தேதி, பிள்ளைகளின் எண்ணிக்கை, பொறுப்பாசிரியரின் பெயர், எந்த இனக் கன்று, நட்டபின் களையெடுத்துப் பராமரிப்பவர் யார் என்பவை விண்ணப்பத்தில் இருக்கட்டும். அரசாங்க நிலமாயின் தானா ராத்தாவிலுள்ள மாவட்ட நில அலுவலகம். தோட்ட நிலமாயின் நிர்வாகியின் கையொப்பம். காட்டிலே தானாய் முளைத்த கன்றைப் பிடுங்கி வேறிடத்தில் நடுவதும், ஒதுக்குக் காட்டிலாயினும் அரசாங்க நிலத்திலாயினும், 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி லைசென்ஸின்றிச் செய்யத் தகாதது என்பதை நல்லெண்ணம் படைத்த ஆசிரியர்களே அறியாதிருப்பது விசனகரமானது.

மாவட்டக் கல்வி இலாகாவின் அங்கீகாரக் கடிதம் கைக்கு வரும்வரை பிள்ளைகள் பள்ளி வாசலைத் தாண்டலாகாது. வாகனம் பயணிகளை ஏற்றும் பஸ்ஸாக இருக்கட்டும். லோரி வேண்டவே வேண்டாம். பெற்றோரிடம் வாங்கும் சம்மதக் கடிதத்தில் இடமும் நேரமும் வாகனமும் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்திடும் பெற்றோர் (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் இடுகிறவர்கள் அநேகர்) தம் பிள்ளையின் பாதுகாப்பைத் தாமே கைவிடுகிறார்கள். பூச்சிமருந்து தெளித்த பாத்தியின் வழியே பிள்ளைகளை நடத்திச் செல்லலாகாது. பிற்பகல் மழை தொடங்குமுன் இறங்கிவிட வேண்டும். மீண்டும் சொல்கிறேன்: கடிதம் வராவிட்டால் பயணம் இல்லை.

இலாகாக்களோ, விண்ணப்பத்தை மேசையில் உறங்கவிட்டு, விழாவன்று மட்டும் மாலைக்குக் கழுத்தை நீட்டுகின்றன. எனவே பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். பதிலில்லையேல் அந்தப் பிரதியோடு பொதுப் புகார் பிரிவுக்கு எழுதுங்கள்.

அசம்பாவிதம் நேர்ந்துவிட்டால், பிள்ளையை மருத்துவமனையில் சேர்த்து வைத்திய அறிக்கை கேட்பதும், அன்றைக்கே போலீஸ் புகார் செய்வதும், தக்காஃபுல் காப்புறுதிப் பாதுகாப்பு உண்டா என்று தலைமையாசிரியரிடம் எழுத்தில் வினவுவதும் உடனே நடக்க வேண்டியவை. "பார்த்துக்கொள்ளலாம்" என்ற சமாதானத்தை நம்பிக் காலம் கடத்தாதீர்கள்: அரசாங்க உத்தியோகஸ்தர் கடமையில் தவறியதற்காக வழக்குத் தொடர, 1948ஆம் ஆண்டுப் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் அளிக்கும் அவகாசம் 36 மாதமே.